யூரோவிஷனில் ஆஸ்திரேலியா: ஐரோப்பாவில் இல்லாத நாட்டுக்கு அங்கே என்ன வேலை?

2015ஆம் ஆண்டு மே 23. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா. ஐரோப்பாவின் மிகப் பெரிய பாட்டுப் போட்டியான யூரோவிஷனின் இறுதிச்சுற்று. அன்று மேடையேறியவர்களில் ஒருவர் கிள்ளானில் பிறந்தவர்.

ஆமாம், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் அதே கிள்ளான்தான்!

அவர் பெயர் கை செபாஸ்டியன். அப்பா மலேசியத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். அம்மா இந்தியாவின் கான்பூரில் வளர்ந்தவர். செபாஸ்டியன் சின்ன வயதாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அன்றிரவு அவர் பாடியது ஆஸ்திரேலியாவுக்காக. அதுவும் எப்படி? யூரோவிஷன் வரலாற்றில் ஆஸ்திரேலியாவின் முதல் போட்டியாளராக!

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். "ஐரோப்பியப் போட்டியில் ஆஸ்திரேலியா எப்படி?"

ஐரோப்பியர்களே இன்னமும் அதைத்தான் கேட்கிறார்கள். பதிலைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், யூரோவிஷன் என்றால் என்ன?

ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டி இது. ஒவ்வொரு நாட்டின் தேசிய ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு பாடலை அனுப்பும். எல்லாப் பாடல்களும் ஒரே மேடையில் அரங்கேறும். நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி கொடுக்கும். யாரும் தங்கள் சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது.

முதல் போட்டி 1956இல் சுவிட்சர்லந்தின் லுகானோ நகரில் நடந்தது. 7 நாடுகள்தான் கலந்துகொண்டன. ஒரே நிகழ்ச்சியைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் நேரலையாகக் காட்ட முடியுமா என்பதே அப்போது பெரிய சோதனை. போருக்குப் பிந்திய ஐரோப்பாவை ஒரே திரையின் முன் உட்கார வைக்கும் முயற்சி அது என்றும் சொல்லலாம்.

இன்று 35க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்வது வழக்கமாகிவிட்டது. இரண்டு அரையிறுதிச் சுற்று, பிறகு இறுதிச்சுற்று.

முக்கியமான விதிகள் சில:

• பாடல் புதிதாக இருக்கவேண்டும். 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது.
• மேடையில் அதிகபட்சம் 6 பேர்.
• முதன்மைப் பாடகர் நேரலையில் பாடவேண்டும்.
• 1999 முதல் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம்.
• பாடகர் அந்த நாட்டின் குடிமகனாக இருக்கவேண்டும் என்ற பொதுவிதி இல்லை. கனடாவின் செலின் டியோன் 1988இல் சுவிட்சர்லந்துக்காகப் பாடி வென்றவர்.

1974இல் 'வாட்டர்லூ' பாடலால் வென்ற ஆபா இசைக்குழுவை உங்கள் அப்பா அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அவர்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் இதே மேடைதான்.

சரி, ஆஸ்திரேலியா ஐரோப்பாவில் இல்லையே?

இல்லைதான். ஆனால் யூரோவிஷன் உலக வரைபடத்தைப் பார்த்து நாடுகளைச் சேர்ப்பதில்லை. நாடு எங்கே இருக்கிறது என்பதைவிட, அதன் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றியத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒன்றியத்தின் முழு உறுப்பினர்கள் 'ஐரோப்பிய ஒலிபரப்புப் பகுதி' என்ற வட்டாரத்திலிருந்தோ ஐரோப்பிய மன்றத்தின் உறுப்பு நாடுகளிலிருந்தோ வருபவர்கள். அந்த ஒலிபரப்புப் பகுதி, மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வட ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு நாடுகளையும் உள்ளடக்கியது. அதனால்தான் இஸ்ரேல் 1973இல் போட்டிக்குள் வந்தது. மொரோக்கோ 1980இல் ஒரே ஒருமுறை பாடியது. காஸ்பியன் கடலோரத்தில் உள்ள அஸர்பைஜான் 2008 முதல் கலந்துகொள்கிறது.

ஆனால் ஆஸ்திரேலியா அந்த வட்டத்துக்குள்ளும் வராது. அதன் எஸ்பிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றியத்தின் இணை உறுப்பினர் மட்டுமே. முழு உறுப்பினர்களுக்குப் போட்டியில் சேர உரிமை உண்டு. இணை உறுப்பினர் சேரவேண்டுமென்றால் ஒன்றியம் அழைக்கவேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், மற்றவர்கள் வீட்டுக்காரர்கள். ஆஸ்திரேலியா விருந்தாளி. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் போட்டிமீது எப்படி ஆசை வந்தது?

இதற்குப் பதில் ஆஸ்திரேலியாவின் குடியேற்ற வரலாற்றில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி, கிரீஸ், மால்ட்டா, யூகோஸ்லாவியா போன்ற இடங்களிலிருந்து லட்சக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆசியர்களுக்கு அந்தக் கதவு அப்போது கிட்டத்தட்ட மூடியே இருந்தது. 1901இல் தொடங்கிய 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையின் கடைசி எச்சங்கள் 1973இல்தான் நீக்கப்பட்டன.

குடியேறியவர்களின் மொழிகளில் பேச ஓர் ஒலிபரப்பு தேவைப்பட்டது. 1975இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் பல மொழி வானொலி தொடங்கியது. 1980இல் தொலைக்காட்சியும் வந்தது. அதுதான் எஸ்பிஎஸ். இன்று அதில் தமிழ்ச் சேவையும் உண்டு.

1983இல் எஸ்பிஎஸ் யூரோவிஷனை ஒளிபரப்பத் தொடங்கியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெல்பர்னில் உள்ள ஒரு கிரேக்கப் பாட்டிக்கு, பிறந்த நாட்டின் பாடலைத் திரையில் பார்க்க ஆண்டுக்கு ஓர் இரவு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பேரப்பிள்ளைகளுக்கோ, விநோதமான உடையும் விசித்திரமான பாட்டும் நிறைந்த ஒரு கொண்டாட்டம். இரண்டு தலைமுறையும் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு காரணத்துக்காக ரசித்தன. நாளடைவில் ஐரோப்பிய வேர் இல்லாத ஆஸ்திரேலியர்களும் ரசிகர்களாகிவிட்டார்கள். ஆபாமீது ஆஸ்திரேலியாவுக்கு இருந்த தீராத காதலும் இதற்கு ஒரு காரணம்.

பார்ப்பது அவ்வளவு சுலபமும் இல்லை. ஐரோப்பாவில் சனிக்கிழமை இரவு 9 மணி என்றால் சிட்னியில் ஞாயிறு விடியற்காலை 5 மணி. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அதிகாலை 3 மணி! பல ஆண்டுகளாக ஆஸ்திரேலிய ரசிகர்கள் மாலையில் மறுஒளிபரப்பு வரும்வரை யார் வென்றது என்ற செய்தி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்கள்.

ஆஸ்திரேலியா சேர்வதற்கு முன்பே ஆஸ்திரேலியர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் சுவாரஸ்யமான தகவல். மெல்பர்னில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜான் 1974இல் பிரிட்டனுக்காகப் பாடினார். ஆபாவிடம் தோற்றவர்களில் அவரும் ஒருவர்! அயர்லந்துக்காக 1980இலும் 1987இலும் வென்ற ஜானி லோகன், மெல்பர்னுக்கு அருகே உள்ள ஃபிராங்ஸ்டனில் பிறந்தவர். 1996இல் பிரிட்டனின் பாடகியாக மேடையேறிய ஜீனா ஜி, ஆஸ்திரேலியர்.

விருந்தாளிக்கு எப்போது அழைப்பு வந்தது?

2014இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் முதல் அடி எடுத்து வைத்தது ஆஸ்திரேலியா. ஆனால் போட்டியாளராக இல்லை. இரண்டாம் அரையிறுதியில் வாக்குகளை எண்ணும் இடைவேளையில் ஜெசிக்கா மாவ்பாய் சிறப்பு விருந்தினராகப் பாடினார்.

அடுத்த ஆண்டு வியன்னாவில் 60ஆவது போட்டி. அந்த ஆண்டின் கருப்பொருள் 'பாலங்களைக் கட்டுவோம்'. 30 ஆண்டுக்கும் மேலாகப் போட்டியை விடாமல் ஒளிபரப்பிய நாட்டை இந்தமுறை போட்டியிடவே அழைக்கலாம் என்று ஒன்றியம் முடிவுசெய்தது.

நிபந்தனைகள் இருந்தன:

• இது ஒரே ஒருமுறை வழங்கப்படும் வாய்ப்பு. வென்றால் மட்டுமே மறுஆண்டும் வரலாம்.
• ஆஸ்திரேலியா நேரடியாக இறுதிச்சுற்றுக்குச் செல்லும். அரையிறுதியில் போட்டியிட்டால் ஓர் ஐரோப்பிய நாட்டின் இடம் பறிபோகும் என்பதால் இந்த ஏற்பாடு.
• வென்றால் அடுத்த போட்டியை ஐரோப்பிய நகரம் ஒன்றில், அங்குள்ள ஓர் ஒளிபரப்பு நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தவேண்டும்.

யாரை அனுப்புவது? 2003இல் நடந்த முதல் 'ஆஸ்திரேலியன் ஐடல்' போட்டியின் வெற்றியாளரான செபாஸ்டியனை எஸ்பிஎஸ் தேர்ந்தெடுத்தது. 'டுநைட் அகெய்ன்' என்ற துள்ளல் பாடலுடன் போனார். 196 புள்ளிகளோடு 5ஆம் இடம். முதல் முயற்சிக்கு மோசமே இல்லை!

வெல்லவில்லை. விதிப்படி பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால் மறுஆண்டும் அழைப்பு வந்தது. இந்தமுறை சலுகை இல்லை. மற்றவர்களைப் போல அரையிறுதியைத் தாண்டவேண்டும்.

2016: வெறும் 23 புள்ளியில் நழுவியது எப்படி?

ஸ்டாக்ஹோமில் ஆஸ்திரேலியாவுக்காகப் பாடியவர் டாமி இம். தென்கொரியாவில் பிறந்து, 9 வயதில் ஆஸ்திரேலியா வந்தவர். பாடல் 'சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்'.

அன்று என்ன நடந்தது என்று புரிய, வாக்களிப்பு முறையைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு தரப்பு புள்ளி கொடுக்கிறது. ஒன்று, இசைத் துறையினர் கொண்ட நடுவர் குழு. இன்னொன்று, பொதுமக்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த 10 பாடல்களுக்கு 12, 10, பிறகு 8லிருந்து 1 வரை புள்ளி வழங்கும். 2015 வரை இரண்டையும் கலந்து ஒரே புள்ளியாக அறிவித்தார்கள். 2016இல் அது மாறியது. முதலில் நடுவர் புள்ளிகள். அதன்பின் மக்கள் புள்ளிகள்.

நடுவர் புள்ளிகள் முடிந்தபோது டாமி இம் 320 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தார். ஐரோப்பியப் போட்டியில் ஆஸ்திரேலியா வெல்லப்போகிறது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

பிறகு மக்கள் வாக்கு வந்தது. டாமி இம்முக்கு 191. யுக்ரேனின் ஜமாலாவுக்கு 323. மொத்தக் கணக்கில் யுக்ரேன் 534, ஆஸ்திரேலியா 511. இடைவெளி 23. மக்கள் வாக்கில் முதலிடம் பிடித்த ரஷ்யா மொத்தத்தில் 491 புள்ளிகளுடன் 3ஆம் இடம்.

நடுவர்களின் முதல் தேர்வும் வெல்லவில்லை, மக்களின் முதல் தேர்வும் வெல்லவில்லை. இரண்டு தரப்பிடமும் 2ஆம் இடம் பிடித்த பாடல் வென்றது. ஆஸ்திரேலியாவின் ஆகச் சிறந்த நிலை இன்றுவரை அந்த 2ஆம் இடம்தான்.

நடுவர்களுக்குப் பிடிக்கிறது. மக்களுக்கு?

கீழே உள்ள எண்களைப் பாருங்கள். இறுதிச்சுற்றில் ஆஸ்திரேலியா பெற்றவை இவை:

• 2016, டாமி இம்: நடுவர் 320, மக்கள் 191. 2ஆம் இடம்.
• 2017, ஐசாயா ஃபயர்பிரேஸ்: நடுவர் 171, மக்கள் 2. 9ஆம் இடம்.
• 2018, ஜெசிக்கா மாவ்பாய்: நடுவர் 90, மக்கள் 9. 20ஆம் இடம்.
• 2019, கேட் மில்லர்-ஹைட்கி: நடுவர் 153, மக்கள் 131. 9ஆம் இடம்.
• 2022, ஷெல்டன் ரைலி: நடுவர் 123, மக்கள் 2. 15ஆம் இடம்.
• 2023, வாயேஜர்: நடுவர் 130, மக்கள் 21. 9ஆம் இடம்.

171க்கு எதிராக 2! 123க்கு எதிராக 2! ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப நடந்தால் காரணம் தேடத்தான் வேண்டும்.

முதல் காரணம், அக்கம்பக்கம். கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று 12 புள்ளி கொடுப்பதைப் பார்த்துப் பார்த்து ரசிகர்கள் அதை ஒரு நகைச்சுவையாகவே ஆக்கிவிட்டார்கள். ஸ்கேண்டினேவிய நாடுகளுக்கு இடையிலும், முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளுக்கு இடையிலும் அந்தப் பாசம் உண்டு. ஒரே மாதிரி மொழி, ஒரே மாதிரி இசை, எல்லை தாண்டி வாழும் உறவினர்கள். ஆஸ்திரேலியாவுக்கு அப்படி ஓர் அண்டைவீட்டுக்காரர் அந்தப் போட்டியில் கிடையாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அது கணக்கு சம்பந்தப்பட்டது. நடுவர் எல்லாப் பாடல்களையும் வரிசைப்படுத்தவேண்டும். நன்றாகப் பாடிய, பிழையில்லாத ஒரு பாடலை 5ஆம் இடத்திலோ 6ஆம் இடத்திலோ வைத்தால்கூட அதற்குப் புள்ளி கிடைத்துவிடும். மக்கள் அப்படிச் செய்வதில்லை. நம் ஊர்ப் பாட்டுப் போட்டிகளில் நீங்களும் வாக்களித்திருப்பீர்கள். பத்துப் பேருமே நல்லாத்தான் பாடுறாங்க. ஆனா போனை எடுத்து யாருக்கு வாக்குப் போடுவீங்க? மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தருக்கு, இல்லைன்னா இரண்டு பேருக்கு. "இவங்க எனக்கு 6ஆம் இடம்" என்று சொல்லி யாரும் வாக்குப் போடுவதில்லை.

ஆக, எல்லாருக்கும் கொஞ்சம் பிடித்த பாடல் நடுவர் கணக்கில் உயரும், மக்கள் கணக்கில் விழும். ஆஸ்திரேலியா அனுப்பியவை பெரும்பாலும் அப்படிப்பட்ட பாடல்கள்: சுத்தமான குரல், நேர்த்தியான தயாரிப்பு.

இதற்கு விதிவிலக்கும் இருக்கிறது. 2019இல் கேட் மில்லர்-ஹைட்கி உயரமான, வளையும் கம்பத்தின் உச்சியில் நின்று, காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியபடியே ஆப்பெரா பாணியில் பாடினார். பார்த்தவர்கள் மறக்கமுடியாத காட்சி. அரையிறுதியில் முதலிடம். இறுதியில் மக்களிடமிருந்து 131 புள்ளி. எனவே தூரம் ஒரு தடைதான், ஆனால் தாண்டமுடியாத தடை இல்லை.

யார் யாரை அனுப்பியது ஆஸ்திரேலியா?

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும்.

செபாஸ்டியன், கிள்ளானில் பிறந்தவர். டாமி இம், கொரியாவில் பிறந்தவர். 17 வயதில் கீவ் மேடையில் பாடிய ஐசாயா ஃபயர்பிரேஸ், பூர்வகுடி இளைஞர். ஜெசிக்கா மாவ்பாயின் அம்மா பூர்வகுடிப் பெண், அப்பா இந்தோனேசியாவின் மேற்குத் திமோரைச் சேர்ந்தவர். ஆக, முதல் நான்கு ஆண்டு மேடையேறிய நால்வருமே ஆசிய அல்லது பூர்வகுடி வேர் கொண்டவர்கள்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கதவை மூடிவைத்த நாடு, உலகம் பார்க்கும் மேடையில் "இதுதான் எங்கள் முகம்" என்று இவர்களை நிறுத்தியது. குடியேறியவர்களுக்காகத் தொடங்கப்பட்ட எஸ்பிஎஸ்ஸுக்கு அது இயல்பாக வந்த முடிவாகவும் இருக்கலாம்.

2019 முதல் சில ஆண்டுகள், தேர்வைப் பொதுமக்களிடமும் நடுவர்களிடமும் விட்டார்கள். கோல்ட் கோஸ்ட் நகரில் தேசியத் தேர்வுப் போட்டி நடந்தது. 2020இல் அதில் வென்ற மொன்டேனுக்குப் பாவம், இரட்டை ஏமாற்றம். கொவிட்-19 நோய்ப்பரவலால் அந்த ஆண்டு யூரோவிஷனே ரத்தானது. போட்டி வரலாற்றில் அதுதான் முதல்முறை. 2021இல் மீண்டும் அவரையே அனுப்ப முடிவுசெய்தார்கள். ஆனால் பயணக் கட்டுப்பாடுகளால் அவர் ராட்டர்டாம் போகமுடியவில்லை. ஆஸ்திரேலியாவில் முன்கூட்டியே ஒரே மூச்சில் பதிவான காணொளிதான் ஐரோப்பியத் திரையில் ஓடியது. ஆஸ்திரேலியா முதன்முறையாக அரையிறுதியிலேயே வெளியேறியது.

2023இல் லிவர்பூல் போன வாயேஜர், பெர்த்தைச் சேர்ந்த மெட்டல் இசைக்குழு. அதன் பாடகர் டேனி எஸ்ட்ரினின் இன்னொரு தொழில் என்ன தெரியுமா? குடிநுழைவு வழக்கறிஞர்! டொயோட்டா காரை மேடையிலேயே நிறுத்திப் பாடிய அந்தக் குழு, மக்கள் வாக்கு மட்டுமே எண்ணப்பட்ட அரையிறுதியில் முதலிடம் பிடித்தது.

2024இல் மால்மோ நகரில் இன்னொரு முதல். எலெக்ட்ரிக் ஃபீல்ட்ஸ் இருவர் குழுவின் பாடகர் சக்கரையா ஃபீல்டிங் ஆங்கிலத்தோடு யான்குனிஜட்ஜரா மொழியிலும் பாடினார். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் பேசப்படும் பூர்வகுடி மொழி அது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழி ஒன்று யூரோவிஷனில் ஒலித்தது அதுவே முதல்முறை. பாடலின் பெயரில் உள்ள 'மில்கலி' என்ற சொல்லுக்கு அம்மொழியில் 'ரத்தம்' என்று பொருள். யிடாகி என்ற மரக்குழல் வாத்தியமும் மேடையில் ஒலித்தது.

அரையிறுதியில் அந்தப் பாடலுக்கு 11ஆம் இடம். முன்னேறுவது முதல் 10 பாடல்கள் மட்டுமே. மயிரிழையில் தவறியது. 2025இல் பாசல் நகரில் பாடிய கோ-ஜோவும் இறுதிச்சுற்றுக்குப் போகமுடியவில்லை.

இங்கேதான் அந்த நடுவர்-மக்கள் கணக்கு மறுபடியும் வருகிறது. 2023 முதல் அரையிறுதி முடிவை மக்கள் வாக்கு மட்டுமே தீர்மானித்தது. நடுவர்களிடம் நல்ல பெயர் வாங்கும் நாட்டுக்கு அது கைகொடுக்கவில்லை. 2026இலிருந்து அரையிறுதியிலும் நடுவர் குழுவைத் திரும்பக் கொண்டுவர ஒன்றியம் முடிவுசெய்தது. ஆஸ்திரேலியாவுக்கு அது நல்ல செய்தி.

ஆஸ்திரேலியா வென்றால் அடுத்த போட்டி சிட்னியிலா?

வழக்கமாக, வென்ற நாடுதான் அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும். ஆஸ்திரேலியாவுக்கு அந்த வழக்கம் பொருந்தாது. 2015இல் சொன்ன ஏற்பாடுதான்: ஐரோப்பிய நகரம் ஒன்றில், ஓர் ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனத்துடன் கூட்டாக நடத்தவேண்டும்.

ஏன்? நேர வித்தியாசம்தான் பெரிய சிக்கல். ஐரோப்பாவில் இரவு 9 மணிக்கு நேரலை வரவேண்டுமென்றால் சிட்னி அரங்கில் விடியற்காலை 5 மணிக்கு நிகழ்ச்சி தொடங்கவேண்டும். 30க்கும் மேற்பட்ட நாட்டுக் குழுக்களை அவ்வளவு தூரம் அழைத்துவரும் செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

வென்ற நாட்டுக்குப் பதில் இன்னொரு நாடு நடத்துவது புதிதும் இல்லை. 2022இல் யுக்ரேன் வென்றது. போர் காரணமாக அங்கு நடத்தமுடியவில்லை. 2023 போட்டியை யுக்ரேனின் சார்பில் பிரிட்டன் லிவர்பூலில் நடத்தியது.

ஏன் இன்னமும் சர்ச்சை?

எதிர்ப்பவர்கள் சொல்வது நேரடியானது. பெயரிலேயே 'யூரோ' இருக்கிறது. ஐரோப்பாவின் சின்னச்சின்ன நாடுகள் சில, செலவைத் தாங்கமுடியாமல் போட்டியிலிருந்து விலகுகின்றன. அப்படியிருக்க, இறுதிச்சுற்று இடம் ஒன்றை உலகின் மறுகோடியில் உள்ள ஒரு நாட்டுக்கு ஏன் தரவேண்டும்? ஆஸ்திரேலியாவிலும் கேள்வி கேட்பவர்கள் உண்டு. எஸ்பிஎஸ் விளம்பர வருமானம் ஈட்டினாலும் அரசாங்க நிதியையும் நம்பியிருக்கும் நிறுவனம். அந்தப் பணத்தை ஐரோப்பியப் போட்டியில் செலவழிக்கலாமா என்பது அவர்களின் கேள்வி.

ஆதரிப்பவர்களின் பதில் வேறு. போட்டி தொடங்கியதே எல்லை தாண்டி ஒளிபரப்புவதற்காகத்தான். 40 ஆண்டாகக் கண்விழித்துப் பார்க்கும் ரசிகர்களைவிட அதற்கு உரியவர்கள் யார்? மேலும், ஆஸ்திரேலியா அனுப்பும் பாடல்களின் தரம் போட்டிக்கே பெருமை என்கிறார்கள் அவர்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு இரண்டு பக்கத்தின் கையிலும் இல்லை. விருந்தாளியின் இடம் அழைப்பைப் பொறுத்தது. 2019இல் ஒன்றியம், 2023 வரை ஆஸ்திரேலியாவுக்கு இடம் உறுதி என்று அறிவித்தது. அந்தக் காலம் முடிந்தபிறகு நீண்டகால உத்தரவாதம் ஏதும் இல்லாமலேயே பங்கேற்பு தொடர்கிறது.

நம் வட்டாரத்தில் இப்படி ஒன்று இல்லையா?

முயற்சி நடந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கென யூரோவிஷனைப் போன்ற ஒரு போட்டியைத் தொடங்கும் உரிமையை 2016இல் எஸ்பிஎஸ் பெற்றது. திட்டம் பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2021இல் எஸ்பிஎஸ்ஸின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் சோலில் தொலைக்காட்சிப் பாடல் விழா ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அது விழா மட்டுமே. வாக்கு கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது.

நம் வட்டாரத்தில் நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போடும் ஒரு போட்டி வந்தால் எப்படி இருக்கும்? சிங்கப்பூரும் மலேசியாவும் ஒன்றுக்கொன்று 12 புள்ளி கொடுக்குமா? அந்தப் பாடல் எந்த மொழியில் இருக்கும்? நண்பர்களோடு பேசிப் பார்க்க நல்ல தலைப்பு.

சுருக்கமாக...

• ஆஸ்திரேலியா யூரோவிஷனில் இருப்பது உரிமையால் அல்ல, அழைப்பால்.
• எஸ்பிஎஸ் 1983 முதல் போட்டியை ஒளிபரப்புகிறது. 2015இல் முதன்முறை போட்டியிட்டது.
• சிறந்த நிலை: 2016இல் 2ஆம் இடம், 511 புள்ளி.
• நடுவர் புள்ளிகள் தாராளம். மக்கள் புள்ளிகள் பெரும்பாலும் குறைவு.
• வென்றாலும் போட்டி ஐரோப்பாவில்தான் நடக்கும்.

2025இல் ஆஸ்திரியா வென்றதால் 2026ஆம் ஆண்டுப் போட்டி வியன்னாவுக்குத் திரும்பியது. செபாஸ்டியன் பாடிய அதே அரங்கம். பங்கேற்கும் 35 நாடுகளின் பட்டியலில் ஆஸ்திரேலியாவின் பெயரும் இடம்பெற்றது. 'ஒரே ஒருமுறை' என்று சொல்லி அழைக்கப்பட்ட விருந்தாளி, 11 ஆண்டு கழித்தும் அதே வீட்டு வாசலில்!

அடுத்தமுறை யாராவது உங்களிடம் "ஆஸ்திரேலியாவுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டால், கிள்ளானில் பிறந்த ஒருவரிடமிருந்து கதையைத் தொடங்குங்கள்.